மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் படிக்க எந்தக் கல்லூரி? சுள்ளிக்கல் மாணவர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டியவை

கொச்சி: சுள்ளிக்கல்லில் இருந்து தோப்பும்படி வழியாக வெலிங்டன் தீவைக் கடந்து, வெண்டுருத்திப் பாலத்தில் ஏறி இறங்கினால் சிறிது தொலைவிலேயே கொச்சி கப்பல் கட்டும் தளம் அமைந்துள்ளது. இந்தியாவில் கட்டப்பட்ட முதல் விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்த் இங்குதான் உருவாகி, 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்க்கப்பட்டது.

அக்கப்பலுக்குத் தேவையான போர்க்கப்பல் தர எஃகு வெளிநாட்டில் இருந்து எதிர்பார்த்தபடி கிடைக்கவில்லை. ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சி ஆய்வகமும் இந்திய எஃகு ஆணையமான செயிலும் இணைந்து 'டிஎம்ஆர் 249' என்ற எஃகு வகையை உள்நாட்டிலேயே உருவாக்கின. சுமார் 30,000 டன் சிறப்பு எஃகை செயில் வழங்கியது. கப்பலின் வடிவமைப்பு பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு அதன் எஃகு பற்றிப் பேசப்படவில்லை. ஆனால் அந்த எஃகு இல்லாமல் கப்பல் இல்லை.

அந்த எஃகை உருவாக்கிய அறிவுத்துறைதான் உலோகவியல் மற்றும் பொருள் பொறியியல். ஆங்கிலத்தில் 'மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங்' எனப்படும் இப்படிப்பு, கலந்தாய்வுக் காலத்தில் பெரும்பாலான மாணவர்களின் விருப்பப் பட்டியலில் கணினி அறிவியல், மின்னணுவியல், இயந்திரவியல் ஆகியவற்றுக்குக் கீழேதான் இடம்பெறுகிறது. தரவரிசை எண் எங்கு கொண்டுபோய் நிறுத்துகிறதோ அங்கு சேர்ந்துவிட்டு, என்ன படிக்கிறோம் என்பதை இரண்டாம் ஆண்டில்தான் பலர் அறிந்துகொள்கின்றனர். நான்கு ஆண்டுகளையும் சில லட்சம் ரூபாயையும் பணயம் வைக்கும் முடிவை இவ்வாறு எடுப்பது சரியா என்பதே இப்போது எழும் கேள்வி.

என்ன படிப்பு இது?

தமிழில் இதற்கு நிலைபெற்ற ஒரு பெயர் இல்லாததே முதல் குழப்பம். 'பொருளியல்' என்றால் பொருளாதாரம் என்று புரிந்துகொள்ளப்படுகிறது. 'உலோகவியல்' என்றால் படிப்பின் ஒரு பகுதி மட்டுமே குறிக்கப்படுகிறது. உலோகம், பீங்கான், பாலிமர், கலப்புப் பொருள், குறைக்கடத்தி ஆகிய அனைத்தும் இத்துறையின் எல்லைக்குள் வருகின்றன.

ஒரு பொருளின் உள்ளமைப்பு, அதை உருவாக்கும் முறை, அதனால் அது பெறும் பண்பு, பயன்பாட்டில் அது நடந்துகொள்ளும் விதம் ஆகிய நான்குக்கும் இடையிலான தொடர்பே இத்துறையின் மையம். ஒரே அளவு கரி கலந்த இரண்டு எஃகுத் துண்டுகளைச் சூடேற்றி, ஒன்றைத் தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, மற்றொன்றை உலைக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டால், முன்னது கடினமாகவும் எளிதில் உடையக்கூடியதாகவும் இருக்கும். பின்னது மென்மையாகவும் வளையக்கூடியதாகவும் இருக்கும். கலவை ஒன்றுதான், உள்ளமைப்புதான் வேறு. ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பதைக் கணக்கிட்டுச் சொல்வதும், வேண்டிய பண்பை வரவழைப்பதும் இத்துறை பொறியாளரின் பணி.

கொச்சி போன்ற கடலோர நகரில் இதன் தேவையை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் ஒவ்வொரு கைப்பிடிக் கம்பியும் இத்துறையின் பாடமே. 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட கொச்சி நீர்வழி மெட்ரோவின் படகுகள் எடை குறைந்த அலுமினியத்தால் ஆனவை. லித்தியம் டைட்டனேட் மின்கலத்தால் இயங்குபவை. இவ்விரண்டும் பொருள் பொறியியல் சார்ந்த தேர்வுகளே.

பெயர் ஒன்று, பாடம் வேறு

மாணவர்கள் எதிர்கொள்ளும் இரண்டாவது குழப்பம் பட்டத்தின் பெயர். சென்னை ஐஐடியில் இது 'மெட்டலர்ஜிக்கல் அண்ட் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங்'. மும்பை ஐஐடியில் 'மெட்டலர்ஜிக்கல் இன்ஜினியரிங் அண்ட் மெட்டீரியல்ஸ் சயின்ஸ்'. கான்பூரில் 'மெட்டீரியல்ஸ் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங்'. வாரணாசியில் 'மெட்டலர்ஜிக்கல் இன்ஜினியரிங்'. இந்தியாவில் உலோகவியல் பட்டப்படிப்பு முதன்முதலில் தொடங்கப்பட்டது அந்த வாரணாசி வளாகத்தில், 1923-இல்.

பெயர்கள் வேறுபட்டாலும் இவற்றின் அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றே. மாறாக, ஒரே பெயர் கொண்ட இரண்டு பட்டங்களுக்குள் பாடங்கள் பெரிதும் வேறுபடுவதும் உண்டு. ஒரு கல்லூரியில் எஃகு உற்பத்தி, வார்ப்பு, பற்றவைப்பு ஆகியவற்றுக்கு முதன்மை தரப்படும். இன்னொன்றில் நானோ பொருள், கணினி வழி மாதிரியாக்கம், மின்னணுப் பொருள் ஆகியவற்றுக்கு. முன்னதில் படித்தவருக்கு எஃகு ஆலையும் வாகன உதிரிப்பாகத் தொழிலும் இயல்பான வாசல்கள். பின்னதில் படித்தவர் உயர்கல்வி முடித்த பிறகே தமது துறையில் வேலை பெறும் வாய்ப்பு அதிகம்.

பொருள் பொறியியலின் கிளைகள் தனிப் பட்டங்களாகவும் வழங்கப்படுகின்றன. சுள்ளிக்கல்லுக்கு மிக அருகில், களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (குசாட்) பாலிமர் அறிவியல் மற்றும் ரப்பர் தொழில்நுட்பத் துறை இயங்குகிறது. பாலிமர் பொறியியலில் பி.டெக் அளிக்கிறது. ரப்பர் விளையும் மாநிலத்தில், கோட்டயத்தில் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள சூழலில், இதற்கென ஒரு தனிச் சிறப்பு உண்டு. கோழிக்கோடு என்ஐடி 'மெட்டீரியல்ஸ் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங்' பட்டத்தை வழங்குகிறது.

தமிழ்நாட்டில் திருச்சி என்ஐடி, கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி, சேலம் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவை உலோகவியலுக்குப் பெயர் பெற்றவை. அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் பீங்கான் தொழில்நுட்பமும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகின்றன. மின்கலத் துறையில் நாட்டம் உள்ளவர்கள், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான 'சிக்ரி'யின் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் படிப்பையும் கருத்தில் கொள்ளலாம்.

தமிழ்க் குடும்பங்கள் தவறவிடக்கூடாத விதி

மட்டாஞ்சேரி, சுள்ளிக்கல் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டில் இருக்கலாம். பிள்ளைகளின் பள்ளி கேரளத்தில் இருக்கும். 'நாம் தமிழர்கள், திருச்சியில் நமக்கு ஒதுக்கீடு உண்டு' என்ற எண்ணம் இயல்பானதே. ஆனால் விதி அவ்வாறு இல்லை.

என்ஐடிகளில் சரிபாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவர்களுக்கும், மறுபாதி பிற மாநில மாணவர்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இங்கு 'மாநிலம்' என்பது பிறந்த ஊரையோ தாய்மொழியையோ குறிப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற மாநிலத்தையே குறிக்கிறது. ஆகவே கொச்சியில் பிளஸ் டூ முடித்தவருக்குக் கோழிக்கோட்டில் உள்மாநில இடம். திருச்சியில் வெளிமாநில இடம். ஒரே மாணவருக்கு இரண்டு கல்லூரிகளிலும் இறுதித் தரவரிசை எண் வெவ்வேறாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முந்தைய ஆண்டுப் பட்டியலைப் பார்க்கும்போது தமக்குரிய பிரிவின் எண்ணையே பார்க்க வேண்டும். ஐஐடிகளில் இத்தகைய மாநில ஒதுக்கீடு கிடையாது.

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண்ணே அடிப்படை. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்கள், தாம் அம்மாநிலத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள் என்பதற்கு இருப்பிடச் சான்று காட்ட வேண்டும். இரண்டு தலைமுறைக்கு முன் கொச்சிக்கு வந்த குடும்பங்களுக்கு இச்சான்று பெறுவது எளிதாக இருக்காது. விண்ணப்பம் தொடங்கிய பிறகு தாலுகா அலுவலகத்துக்கு அலைவதைவிட, பிளஸ் ஒன் விடுமுறையிலேயே இதனைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

இடஒதுக்கீட்டிலும் இதே எச்சரிக்கை தேவை. ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ள சமூகம், இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்ததாலேயே அங்கும் அதே சலுகையைப் பெற்றுவிடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் தாத்தா பெற்ற சாதிச் சான்றிதழ் கேரள மாநிலக் கலந்தாய்வில் தானாகச் செல்லுபடியாகும் என்று கருதி இருந்துவிடக் கூடாது.

ஒரே நுழைவுத் தேர்வை நம்பி இருப்பதும் ஆபத்தானது. கேரளத்தின் 'கீம்' தேர்வில் 2025-ஆம் ஆண்டு, மதிப்பெண்ணைச் சமன்செய்யும் முறை மாற்றப்பட்டு முடிவுகள் வெளியாயின. அம்மாற்றத்தை உயர் நீதிமன்றம் ஏற்காததால், ஜூலையில் பழைய முறைப்படி தரவரிசைப் பட்டியல் மீண்டும் வெளியிடப்பட்டது. சில நாட்களுக்குள் பலரின் இடம் மேலும் கீழுமாக மாறியது. ஜேஇஇ, குசாட்டின் 'கேட்' நுழைவுத் தேர்வு, கீம் ஆகிய மூன்றுக்கும் விண்ணப்பித்தவர்களுக்கு இத்தகைய அதிர்ச்சியின் தாக்கம் குறைவாகவே இருக்கும்.

பாடத்திட்டத்தில் பார்க்க வேண்டியவை

தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு எனப்படும் 'என்ஐஆர்எஃப்' பட்டியலைப் பெற்றோர் பெரிதும் நம்புகின்றனர். அதன் பொறியியல் பட்டியலில் சென்னை ஐஐடி தொடர்ந்து முதலிடம் வகிக்கிறது. ஆனால் அப்பட்டியல் நிறுவனத்தை மதிப்பிடுகிறது. அதனுள் உள்ள ஒவ்வொரு துறையையும் தனித்தனியாக மதிப்பிடுவதில்லை. பட்டியலில் பின்னால் உள்ள கல்லூரியில் வலுவான உலோகவியல் துறை இருக்கக்கூடும்.

அதை அறிய, கல்லூரியின் இணையதளத்தில் உள்ள பாடத்திட்டத்தை எட்டுப் பருவங்களுக்கும் தரவிறக்கிப் பார்ப்பதே நேர்வழி. வெப்ப இயக்கவியல், நிலைமாற்றங்கள், பொருட்களின் இயந்திரப் பண்புகள், அரிமானம், பொருட்களின் பண்பாய்வு ஆகிய ஐந்தும் கட்டாயப் பாடங்களாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவை விருப்பப் பாடங்களாகத் தள்ளப்பட்டு, அந்த இடத்தில் பொதுவான நிரலாக்கப் பாடங்கள் நிரப்பப்பட்டிருந்தால், பட்டத்தின் பெயருக்கும் பாடத்துக்கும் தொடர்பு குறைவு என்று பொருள்.

அடுத்தது ஆய்வகம். எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் கருவி, மின்னணு நுண்ணோக்கி, வெப்பப் பதனிடும் உலை, இழுவிசைச் சோதனை இயந்திரம் ஆகியவை துறையில் உள்ளனவா என்பதோடு, இளநிலை மாணவர்கள் அவற்றைக் கையாள அனுமதிக்கப்படுகிறார்களா என்றும் கேட்க வேண்டும். கருவி இருந்தும் அது ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் என்றால், நான்கு ஆண்டுகளும் படத்தைப் பார்த்தே கழிய வாய்ப்புண்டு. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் பேசினால் பத்து நிமிடத்தில் இதற்கு விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது, பட்டத்தின் பெயர் வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் இடம்பெறுகிறதா என்பது. பொதுத்துறை நிறுவனங்கள் 'உலோகவியல்' என்று குறிப்பிட்டு ஆள் எடுக்கும்போது, பாலிமர் அல்லது பீங்கான் பட்டதாரிகள் அந்த வரையறைக்குள் வராமல் போகலாம். முதுநிலைப் படிப்புக்கான 'கேட்' தேர்விலும் உலோகவியலுக்குத் தனித் தாள் உள்ளது. பொருள் அறிவியலும் பாலிமர் அறிவியலும் பொறியியல் அறிவியல் தாளின் பிரிவுகளாக உள்ளன. செயில், பாபா அணு ஆராய்ச்சி மையம், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் போன்றவற்றை இலக்காகக் கொண்டவர்கள், அவற்றின் பழைய அறிவிப்புகளில் தகுதி எப்படி எழுதப்பட்டுள்ளது என்பதைச் சேரும் முன்பே படித்துப் பார்க்க வேண்டும்.

சராசரிச் சம்பளம் சொல்லாத செய்தி

கல்லூரி விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது வளாகத் தேர்வின் சராசரிச் சம்பளம். ஐந்து மாணவர்களில் இருவர் ஆண்டுக்கு 5 லட்சமும், இருவர் 6 லட்சமும், ஒருவர் 28 லட்சமும் பெற்றதாகக் கொள்வோம். சராசரி 10 லட்சம். ஆனால் ஐவரில் நால்வருக்கு அதில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்துள்ளது. நடுவில் நிற்பவரின் சம்பளமான இடைநிலை அளவு 6 லட்சம். அதுவே உண்மை நிலைக்கு நெருக்கமானது.

பொருள் பொறியியலில் இன்னொரு கேள்வியும் அவசியம். வேலை பெற்றவர்களில் எத்தனை பேர் எஃகு, வாகனம், மின்கலம், குறைக்கடத்தி போன்ற துறைசார் நிறுவனங்களுக்குச் சென்றனர், எத்தனை பேர் மென்பொருள் நிறுவனங்களுக்குச் சென்றனர்? மென்பொருள் வேலைக்குச் செல்வதில் குறை ஏதும் இல்லை. ஆனால் பெரும்பான்மையினர் அவ்வழியே செல்லும் கல்லூரியில், துறைசார் நிறுவனங்கள் வளாகத்துக்கு வருவதில்லை என்ற செய்தியும் அடங்கியிருக்கிறது.

முதலாண்டு முடிவில் வேறு துறைக்கு மாறிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் இதில் சேருவோரும் உண்டு. சில ஐஐடிகள் அவ்வசதியையே கைவிட்டுவிட்டன. அது உள்ள இடங்களிலும் மிகச் சிலருக்கே மாற்றம் கிடைக்கிறது. நான்கு ஆண்டுகளும் இதையே படிக்கத் தயாரா என்று தம்மைக் கேட்டுக்கொண்டு, ஆம் என்பவர்கள் மட்டும் இத்துறையை மேலே வைப்பது நல்லது.

எதிர்காலம் எங்கே?

தேவை வளரும் திசைகள் தெளிவாகவே தெரிகின்றன. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, மின்வாகனங்களுக்கான காந்தங்கள் கிடைக்காமல் உலக வாகனத் தொழில் திணறியது. அதே ஆண்டு நவம்பரில், உள்நாட்டில் நிரந்தரக் காந்தம் தயாரிக்க 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இத்தனிமங்களுக்கான கனிம மணல் கேரளத்தின் சவறாவிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் பிரிக்கப்படுகிறது. 1950-இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்திய அரிய மண் நிறுவனத்தின் சுத்திகரிப்புப் பிரிவு, கொச்சிக்கு அருகே ஆலுவாவில் உள்ளது. மணல் நம்மிடம் இருக்கிறது. அதைக் காந்தமாக்கும் திறன் பெரிய அளவில் இன்னும் வளரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பப் போகிறவர்கள் பொருள் பொறியாளர்களே.

குஜராத்தின் தொலேராவில் 91,000 கோடி ரூபாயிலும், அசாமின் ஜாகிரோடில் 27,000 கோடி ரூபாயிலும் டாடா குழுமத்தின் குறைக்கடத்தி ஆலைகளுக்கு 2024-இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. இரும்பு, எஃகு, அலுமினியம் உள்ளிட்ட இறக்குமதிகள் மீதான ஐரோப்பிய ஒன்றியத்தின் கரிம எல்லை வரி 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ளது. குறைந்த கரிம உமிழ்வில் எஃகு தயாரிப்பது இனி ஏற்றுமதியாளர்களின் கட்டாயம்.

எனினும் திட்ட மதிப்பை வேலை எண்ணிக்கையாக எண்ணிவிடக் கூடாது. ஆலைக்கு ஒப்புதல் கிடைத்து உற்பத்தி தொடங்கவே பல ஆண்டுகள் ஆகும். இன்று சேரும் மாணவர் வெளிவரும்போது சந்தை எப்படி இருக்கும் என்பதை எந்தக் கல்லூரியும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடிப்படைப் பாடங்களில் வலுவாக இருப்பவர் எஃகில் இருந்து மின்கலத்துக்கும், மின்கலத்தில் இருந்து காந்தத்துக்கும் மாற முடியும். நவநாகரிகப் பெயரில் ஒரே ஒரு பொருளை மட்டும் படித்தவருக்கு அந்த வசதி குறைவு.

கட்டணமும் கணக்கும்

பொருளாதார நெருக்கடியில் உள்ள குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது கட்டணச் சலுகை. என்ஐடிகளில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய். ஐஐடிகளில் 2 லட்சம் ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்தினருக்கும் கல்விக் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி செய்யப்படுகிறது. வருமானம் 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை எனில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. விடுதி, உணவுச் செலவு தனி. வருமானச் சான்று கையில் இருந்தால், அதிகக் கட்டணம் என்று ஒதுக்கிவைத்த கல்லூரி, அருகில் உள்ள தனியார் கல்லூரியைவிடக் குறைந்த செலவில் முடியக்கூடும்.

குசாட்டில் சேர்ந்தால் வீட்டில் இருந்தே சென்று வரலாம் என்பது சுள்ளிக்கல் குடும்பங்களுக்கு உண்மையான சேமிப்பு. பாலிமர் துறையில் ஆர்வம் உள்ளவருக்கு அது சிறந்த தேர்வாகவும் அமையலாம். எஃகும் உலோகமும்தான் விருப்பம் என்றால், வீட்டுக்கு அருகில் என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுப்பது பொருந்தாது.

கலந்தாய்வில் விருப்பங்களை வரிசைப்படுத்தும்போது, கிடைக்கக்கூடியதை மேலே வைக்க வேண்டும் என்ற அறிவுரை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது தவறு. மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கணினி தானாக அடுத்ததைப் பார்க்கும். இதனால் இழப்பு ஏதும் இல்லை. ஆகவே உண்மையான விருப்ப வரிசையிலேயே பட்டியலிட வேண்டும். மத்திய கலந்தாய்வில் இடம் கிடைத்த பிறகு 'ஃப்ரீஸ்' கொடுத்தால் அதுவே இறுதி. 'ஃப்ளோட்' கொடுத்தால் எந்தக் கல்லூரியிலும் மேலான விருப்பத்துக்கு மாறலாம். 'ஸ்லைடு' கொடுத்தால் அதே கல்லூரிக்குள் மட்டும் மாறலாம். இம்மூன்றின் வேறுபாடு தெரியாமல் அவசரத்தில் அழுத்தப்படும் ஒரு பொத்தான், கையெட்டும் தூரத்தில் இருந்த இடத்தைப் பறித்துவிடும்.

கடைசியாக, மாணவர்கள் ஒரு தாளில் மூன்று கல்லூரிகளின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராகக் கட்டாயப் பாடங்கள், ஆய்வகம், துறைசார் வேலைவாய்ப்பு, தமக்குப் பொருந்தும் ஒதுக்கீடு, நான்கு ஆண்டுச் செலவு ஆகிய ஐந்தையும் நிரப்பிப் பார்க்கலாம். நிரப்ப முடியாத கட்டங்கள் எவையோ அவற்றையே கல்லூரியிடம் கேட்க வேண்டும். விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் இதற்கு ஒரு மாலை நேரம் போதும்.